மோட்டார் கொட்டகைச் சாவி

2005-ஆம் வருடம், சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மரக்காணம் உப்பளத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை வாசலில் நான் செய்த காரியத்தை இதுவரை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே என் முகம் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கோட்டக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய சின்ன கம்பெனியில் வேலை. டெலிபோன் லைன் ஒழுங்காகக் கிடைக்காத கடலோர ஊர்களுக்குக் கம்பி இல்லாமல் காற்றிலேயே இன்டர்நெட் கொடுப்பது எங்கள் தொழில். பெரிய கம்பெனிக்காரர்கள் இதற்கென்று விலை உயர்ந்த கருவிகள் வாங்குவார்கள். எங்களுக்கு அந்த வசதி ஏது? பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய போர்டு, அதில் சொருகிய வயர்லெஸ் கார்டு, மூடி வைக்க ஒரு தகரப் பெட்டி, கம்பத்தில் ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை. பெட்டிக்குள் ஓடிய லினக்ஸ் மென்பொருள் இலவசம். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது.

கோட்டக்குப்பத்தில் கிளம்பும் சிக்னல் கீழ்புத்துப்பட்டு வழியாக ஒவ்வொரு கம்பமாகத் தாவி, கடைசியில் உப்பளத்தின் தெற்கு ஓரத்து மோட்டார் கொட்டகைக்கு வரும். அங்கிருந்து பாத்திகளுக்கு மேலே ஒரே தாவலில் மரக்காணம் பஜாரில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சேரும். துபாயிலும் சவுதியிலும் இருக்கும் புருஷனை கேமராவில் பார்த்துப் பேசப் பெண்கள் அந்த சென்டருக்கு வருவார்கள். கடைசித் தாவல் அறுந்தால் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். அது அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை மரக்காணத்தில் தனியாக விட்டிருந்தார்கள்.

தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை. பஜாருக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு பாய், ஒரு சைக்கிள். ஒரு நாள் படுக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அன்று முழுக்க என் வாயிலிருந்து வந்தது 'ரெண்டு இட்லி, ஒரு டீ' மட்டும்தான். பேச ஆள் இல்லாததால் சென்டரில் உட்கார்ந்து, அந்த இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவில் மேய்ந்துகொண்டிருப்பேன். பிரேசில்காரர் ஒரு சந்தேகம் கேட்பார், ஐரோப்பாவில் ஒருவர் பதில் எழுதுவார். முகம் தெரியாத அவர்கள்தான் எனக்கு அப்போது சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் தினமும் என்னோடு வாய் திறந்து பேசியது ஒரே ஒரு ஆள்தான். மோட்டார் கொட்டகை அக்கா.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நிலத்தடி உப்புத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து, எந்தப் பாத்திக்கு எப்போது எவ்வளவு விட வேண்டுமோ அதைப் பார்த்து விடுவது அவர் வேலை. உப்பளத்தில் அதைத் தண்ணி கட்டுவது என்பார்கள். பொதுவாக இதை ஆண்கள்தான் செய்வார்கள். அக்காவுக்கு சர்க்கரை. இடது பாதத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்று உப்பு வார முடியாது. அதனால் உப்பள முதலாளி இரக்கப்பட்டு மோட்டார் கொட்டகைச் சாவியை அவரிடம் கொடுத்திருந்தார். சாவி எப்போதும் முந்தானை முனையில் முடிச்சாக இருக்கும். காலில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வரப்பில் மெதுவாக நடந்து வருவார்.

நான் சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா தம்பி, உன் டப்பா இன்னிக்காவது பேசுதா?"

"பேசுதுக்கா."

"அதுகிட்ட பேசுறியே, ஊட்டுக்கு ஒரு போன் போட்டு உங்கம்மாகிட்ட பேசுனியா?"

பேசவில்லை என்றால் திட்டுவார். தூக்குப் பாத்திரத்திலிருந்து கூழ் ஊற்றிக் கொடுப்பார். கல்யாணம் ஆகாதவன் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று வரப்பில் போகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சிரிப்பார். எனக்குக் கோபம் வராது. அந்தக் கிண்டலுக்காகவே சில நாள் வேலை இல்லாவிட்டாலும் ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறேன்.

கொட்டகைச் சுவரில் இருந்த எங்கள் தகரப் பெட்டியின் ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுப் பச்சை விளக்கு வைத்திருந்தேன். பஜாரோடு தொடர்பு இருந்தால் எரியும், அறுந்தால் அணையும். கரண்ட் போனாலும் பெட்டி ஓடட்டும் என்று ஒரு பழைய யு.பி.எஸ். அதில் ஒரே ஒரு சாக்கெட்தான் வேலை செய்யும். அதில் எங்கள் பெட்டி சொருகியிருந்தது.

சித்திரை பிறந்த பிறகு வினை ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு மேல் பஜாரில் தொடர்பு அறுந்துவிடும். எல்லா நாளும் இல்லை, சில நாள். சென்டர்காரர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். நான் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடுவேன். போய்ச் சேரப் பத்தரை ஆகிவிடும். பார்த்தால் பச்சை விளக்கு ஒன்றுமே நடக்காதது போல எரிந்துகொண்டிருக்கும். பத்து நாள் இப்படியே போனது. நான் ஒரு தடவைகூட அந்தக் கோளாறைக் கண்ணால் பார்க்கவில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து போன் மேல் போன். உன்னால் முடியுமா, வேறு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அக்கா சொன்னார்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத. புதுசா தண்ணி கட்டுன மறுநாளு காலையில உன் லைட்டு அணைஞ்சிடுது. பத்து மணிக்கு மேல கடக்காத்து ஏறுச்சின்னா தானா எரியுது. நாலஞ்சி தபா பாத்துட்டேன்."

நான் சிரித்தேன். இது ரேடியோ அலை, தண்ணீருக்கும் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நாலு எழுத்து படித்த திமிரில் விளக்கினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு இன்னா தெரியும், பாத்தத சொன்னேன்" என்று மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பும் வழியில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எத்தனை மணிக்கு அணைகிறது, எத்தனை மணிக்கு எரிகிறது என்று இவருக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? அவரிடம் ஒரு சின்ன ரேடியோ உண்டு. அதிலிருந்து ஒரு வயர் எங்கள் யு.பி.எஸ். பக்கம் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த ஞாபகம் வந்தது. கொட்டகையில் வேறு சாக்கெட் கிடையாது. ஆக, காலையில் எங்கள் பெட்டியைப் பிடுங்கிவிட்டு ரேடியோவைச் சொருகிப் பாட்டுக் கேட்கிறார், நான் வரும் நேரம் பார்த்து மாற்றிச் சொருகிவிடுகிறார், அதை மறைக்கத்தான் தண்ணீர், காற்று என்று கதை. இப்படிக் கணக்குப் போட்டு முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவரிடமே நேராகக் கேட்டிருக்கலாம். நான் முதலாளி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதலாளி என்னையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"ஏம்மா, இந்தத் தம்பி பொட்டிய நீதான் புடுங்கி வுடுறியாமே?"

"நான் எதுக்குங்க அதத் தொடப்போறேன்? ரேடியோ பேட்டரியில ஓடுது. பாத்துக்கங்க."

"அப்ப இந்த வயர் என்ன?" என்று கேட்டது நான்தான்.

"அது ஏரியலு. ஸ்டேஷன் சரியா எடுக்கலன்னு கட்டி வுட்டேன்."

அந்த ரேடியோவைக் கையில் எடுத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. நானும் பார்க்கவில்லை, முதலாளியும் பார்க்கவில்லை. அவருக்கு மச்சான் மகனை மோட்டாரில் உட்கார வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். "சாவியக் குடுத்துட்டு பாத்தியில எறங்கு" என்றார்.

அக்கா ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். ரேடியோவை எடுத்துக்கொண்டார். குனிந்து காலில் இருந்த துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா இருங்க சார்" என்றார். அதுவரை ஒரு நாளும் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து உப்பளத்தில் என்னிடம் யாரும் பேசவில்லை. வரப்பில் எதிரே வருகிறவர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள். தூரத்தில் பாத்திக்குள் அக்கா தலையில் உப்புக்கூடையோடு ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பது தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் கொடுமை, தொடர்பு அப்படியே அறுந்துகொண்டிருந்தது. முதல் நாள் அறுந்தபோது புது ஆளும் எதையோ பிடுங்குகிறான் என்று நினைத்தேன். நாலாவது நாள் அவன் லீவு. கொட்டகை பூட்டியிருந்தது. அன்றும் அறுந்தது.

அன்று மாலை மின்னஞ்சல் குழுவுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். மறுநாள் ஒருவர் பதில் போட்டிருந்தார். ஏதோ குளிர் நாட்டில், ஒரு ஏரியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் இதே மாதிரி தொடர்பு வைத்திருப்பவர். மூன்று கேள்வி கேட்டிருந்தார். பெட்டி எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது? இரண்டு கம்பத்துக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறதா? காற்று அடித்தால் தொடர்பு திரும்பி வருகிறதா?

முதல் கேள்விக்குப் பதில் பெட்டியிடமே இருந்தது. யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு நொடி பிடுங்கிச் சொருகினாலும் அது மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஒரு வார்த்தை தட்டினால் எத்தனை நாளாக விழித்திருக்கிறேன் என்று சொல்லிவிடும். தட்டினேன். நாற்பத்தொரு நாள் என்றது. நாற்பத்தொரு நாளாக அதன் வயரை யாரும் தொடவில்லை. இந்தத் தொழிலில் சேர்கிறவன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம் அது. ஒரு பெண்ணின் வேலையைப் பறிப்பதற்கு முன் நான் அதைப் பார்க்கவில்லை.

மற்ற இரண்டு கேள்விக்கும் பதிலை அக்கா ஒரு வாரத்துக்கு முன்பே, கேட்காமலேயே சொல்லியிருந்தார். கடல் தாண்டி ஒருவர் இங்கிலீஷில் எழுதியதும் எனக்கு வேதவாக்காகிவிட்டது. இருபதடி தூரத்தில் கூழ் ஊற்றிக் கொடுத்தவர் சொன்னது திருட்டுக்குச் சாட்சியாகத் தெரிந்தது. அன்று சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் தன் குழந்தையை கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் விடியும்போதே உப்பளத்துக்குப் போனேன். முந்தைய நாள்தான் தண்ணி கட்டியிருந்தார்கள். விடியற்காலைக் காற்று அடங்கியபின் பொட்டுக் காற்று இல்லை. பாத்தி முழுக்கத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஏழு மணி வாக்கில் என் கண் முன்னால் பச்சை விளக்கு அணைந்தது. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை நேராகவும் போகிறது, தண்ணீரில் பட்டுத் தெறித்தும் போகிறது. புதுத் தண்ணீர் நிறைந்து அசையாமல் கிடந்தால் இரண்டும் ஒரே பலத்தோடு எதிரெதிராகப் போய்ச் சேர்ந்து ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. காற்று வந்து தண்ணீரைக் கலைத்தால் தெறிப்பது சிதறிப்போகிறது, நேராகப் போவது பிழைத்துக்கொள்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மாற்றினால் இரண்டும் ஒன்றை ஒன்று அழிக்காமல் போய்ச் சேரும்.

வரப்பில் நடந்து அக்கா வேலை செய்த பாத்திக்குப் போனேன். மரப்பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். கணுக்கால் வரை தண்ணீர். "நீங்க சொன்னதுதான் சரிக்கா. நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன்.

அவர் பலகையை நிறுத்தவில்லை. இரண்டு இழுப்பு இழுத்த பிறகு கேட்டார்.

"இப்ப லைட்டு எரியுதா?"

"இல்லக்கா."

"எப்ப சரியாவும்?"

"ஆன்டெனாவ கொஞ்சம் ஏத்தி எறக்கிப் பாக்கணும். காத்து வர்றதுக்குள்ள பாக்கணும். கீழ இருந்து லைட்டப் பாத்துச் சொல்ல ஆளு வேணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பலகையை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீரிலிருந்து ஏறினார். அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தேன். துணி ஊறிப்போய் இருந்தது. புண்ணைச் சுற்றி வெளுத்து, நடுவில் சிவந்து கிடந்தது. எனக்கு முன்னால் நடந்தார்.

நான் கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைப் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தினேன். ஒரு சாண் இறக்குவேன், காத்திருப்பேன். கீழே கொட்டகை வாசலிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"இல்ல சார்."

இன்னொரு சாண்.

"இல்ல."

இன்னொன்று.

"எரியுது... எரியுது... போச்சி. கொஞ்சம் மேல ஏத்துங்க. ஆங், எரியுது. அப்பிடியே வுடுங்க."

ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கியிருந்தேன். காற்று வரும்வரை ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கண்ணாடியாகத்தான் கிடந்தது. விளக்கு அணையவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் என் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. டப்பாவைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றே முதலாளியைப் போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையது, சாவியைத் திரும்ப அவரிடமே கொடுத்துவிடுங்கள் என்றேன். "அன்னிக்கி நீதானய்யா வந்து சொன்ன, இன்னிக்கி இல்லன்ற. சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றார். கம்பம் நிற்பது அவர் இடம், கரண்ட் அவருடையது. வற்புறுத்தினால் கம்பத்தை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த 'சரிங்க' இன்னும் என் காதில் கேட்கிறது.

இலவச மென்பொருள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு சரியானதும் அதை எல்லோருக்கும் எழுதித் தெரிவிப்பார்கள். அந்தக் குறையை முதலில் கண்டு சொன்னவர் யாரோ அவர் பெயரையும் கட்டாயம் அதில் போடுவார்கள். அதை ரொம்பப் பெரிய மரியாதையாக நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவுக்குச் செய்யக்கூடிய பிராயச்சித்தம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் மறுநாள் காலையில் பாத்திக்கு ஓடினேன்.

"அக்கா, உங்க முழுப் பேரு சொல்லுங்க. நீங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சீங்கன்னு எழுதி அனுப்பப் போறேன். உலகம் பூரா படிப்பாங்க."

அவர் கூடையை இறக்கி வைத்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.

"பேரு போட்டா சாவி குடுத்துடுவாங்களா சார்?"

பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தன் பெயரையும் அப்பா பெயரையும் நிதானமாகச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

எழுதி அனுப்பினேன். நாலைந்து நாட்டிலிருந்து அவரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஏரிக்காரர், இவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறவர் எங்கள் குழுவில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார். அதையெல்லாம் அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஐப்பசி மழை வந்து உப்பளம் மூடும்வரை சாவி மச்சான் மகனிடம்தான் இருந்தது. அடுத்த வருடம் சீசன் தொடங்குவதற்குள் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் விசாரித்தேன். கால் ரொம்ப மோசமாகி, அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. தெரியாதோ, என்னிடம் சொல்ல விருப்பமில்லையோ.

இப்போது நான் பெரிய கம்பெனியில், பெரிய ஊரில் இருக்கிறேன். அந்தக் குழுவின் பழைய கடிதங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவையாவது தேடி எடுத்து அந்தப் பெயரைப் படித்துவிடுவேன். படித்து முடித்ததும், முதலாளி வீட்டு வாசலில் சாவிக்காக இன்னும் ஐந்து நிமிஷம் நின்று பேசியிருந்தால் அந்தப் பெயரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று தோன்றும்.